எட்டு நிமிட வீடியோவின் கணக்கு

பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாளில் சென்னையின் எந்தப் பெரிய தியேட்டர் வாசலுக்குப் போனாலும், முதல் காட்சி முடிவதற்கு முன்பே கேமராக்கள் வந்து நின்றிருக்கும். கோபாலபுரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ஒட்டியிருக்கும் ராயப்பேட்டையில்தான் சத்யம் தியேட்டர் இருக்கிறது. மைக்கின் கழுத்தில் சேனல் பெயர் அச்சிட்ட ஒரு சின்னச் சதுரப் பெட்டி. கதவு திறந்ததும் "படம் எப்படி இருக்கு ப்ரோ?" என்ற ஒரே கேள்வி பத்துப் பதினைந்து குரல்களில் எழும்.

கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். பதில்கள்தான் வேறு வேறு. "முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி கொஞ்சம் நீளம், பாட்டு நன்றாக இருக்கிறது" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு நடக்கிறார் ஒருவர். அடுத்தவர் சட்டையைக் கழற்றிச் சுழற்றி, "தலைவன் தாறுமாறு" என்று கத்துகிறார். மூன்றாமவர் தலையில் கைவைத்து, டிக்கெட் காசைத் திருப்பித் தரச் சொல்கிறார். மாலைக்குள் மூன்று வீடியோவும் இணையத்தில் இருக்கும் என்று நினைத்தால் தவறு. இரண்டும் மூன்றும்தான் இருக்கும். நிதானமாகப் பேசியவரின் கருத்து எடிட்டிங் மேஜையிலேயே நின்றுவிடும். அவர் தவறாக எதுவும் சொல்லிவிடவில்லை. அவரை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். பார்க்காவிட்டால் விளம்பரம் ஓடாது, விளம்பரம் ஓடாவிட்டால் அன்றைக்கு அந்த வாசலில் காத்திருந்ததற்குக் கூலி இல்லை.

எதை முன்னே வைப்பது, எதை ஒதுக்குவது என்ற தேர்வை ஒரு காலத்தில் பத்திரிகை ஆசிரியர் செய்தார். ஆனந்த விகடன் தன் திரை விமர்சனத்தில் படங்களுக்கு மதிப்பெண் போட்டது. 1977இல் வந்த '16 வயதினிலே' வாங்கிய 62.5 மதிப்பெண்ணைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அந்த மதிப்பெண்ணோடு சண்டை போட்டவர்கள் ஏராளம். ஆனால் யாரோடு சண்டை போடுகிறோம் என்பது தெரிந்திருந்தது. விகடன் விமர்சனக் குழு என்று ஒரு முகவரி இருந்தது, அதற்குக் கடிதம் எழுத முடிந்தது. இன்று நம் கைபேசியில் அடுத்து எது வர வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் அப்படி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த இடத்தில் இருப்பது ஒரு சம்பள விதி. யாருக்கு, எதற்காக, எவ்வளவு பணம் என்று தளங்கள் எழுதி வைத்திருக்கும் விதி. அதைப் படிக்காமல் தமிழ் இணையத்தில் ஏன் இவ்வளவு கத்தல் என்று கேட்பதில் பயனில்லை.

யூடியூப் தன் படைப்பாளர்களோடு விளம்பரப் பணத்தைப் பங்குபோடத் தொடங்கியது 2007இல். நீள வீடியோவுக்கு முன்னும் நடுவிலும் வரும் விளம்பரத்தில் கிடைக்கும் வருமானத்தில் 55 சதவீதம் வீடியோ போட்டவருக்கு, மிச்சம் நிறுவனத்துக்கு. ஷார்ட்ஸ் எனப்படும் குறுவீடியோக்களுக்கு 2023 பிப்ரவரியிலிருந்து பங்கு உண்டு. அங்கே படைப்பாளருக்கு 45 சதவீதம். இந்தப் பங்கு எல்லோருக்கும் கிடைத்துவிடாது. 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு, கடந்த 12 மாதங்களில் மக்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

தொடக்க காலத்தில் வீடியோவைத் திறந்தாலே போதும், எண்ணிக்கை ஏறிவிடும். அதனால் உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் வெளியே கவர்ச்சியான படம் வைத்து ஏமாற்றுவது பெருகியது. 2012இல் யூடியூப் அளவுகோலை மாற்றியது. எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முன்னுரிமை வந்தது. ஒரே மாற்றம்தான், ஆனால் அதுவரை மூன்று நிமிடத்தில் முடிந்த விஷயங்கள் எல்லாம் நீளத் தொடங்கின. யூடியூபில் மக்கள் செலவிடும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் தளமே பரிந்துரைக்கும் வீடியோக்களில் கழிகிறது என்று அந்த நிறுவனத்தின் நீல் மோகன் 2018இல் சொன்னார். அப்போது அவர் தயாரிப்புப் பிரிவின் தலைவர், இப்போது தலைமைச் செயல் அதிகாரி. நாம் தேடிப் போய்ப் பார்ப்பது குறைவு. நம் முன்னால் வைக்கப்படுவதைப் பார்ப்பதுதான் அதிகம்.

நீளத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வீடியோவின் நடுவே விளம்பரம் செருக வேண்டுமானால் அது குறைந்தது 10 நிமிடம் ஓட வேண்டும் என்று விதி இருந்தது. 2020 ஜூலையில் அதை 8 நிமிடமாகக் குறைத்தார்கள். தமிழில் சமையல், கோயில் தரிசனம், ஜோசியம், கைபேசி விமர்சனம் என எதை எடுத்தாலும் வீடியோவின் நீளத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். எட்டு நிமிடம் சில நொடி, பத்து நிமிடம் சில நொடி என்று எத்தனை வீடியோக்கள் வந்து நிற்கின்றன என்பது தெரியும். ரசம் வைக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அடுப்பு பற்ற வைப்பதற்கு முன் பாட்டி ஊர்க் கதை, புதுப் பாத்திரம் வாங்கிய கதை, லைக் பண்ணுங்க ஷேர் பண்ணுங்க என்ற வேண்டுகோள் எல்லாம் முடிய மூன்று நிமிடம் ஆகிறது. சமைப்பவருக்கு ரசம் வைக்கத் தெரியாமல் இல்லை. எட்டு நிமிடத்தைத் தாண்டினால்தான் நடுவே இரண்டாவது விளம்பரம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நீளத்தைப் போலவே, எதைப் பற்றி வீடியோ போடுவது என்பதையும் பணம் முடிவு செய்கிறது. ஒரே எண்ணிக்கையில் பார்த்தாலும் ஒரே பணம் வராது. கடன், காப்பீடு, பங்குச் சந்தை, வீட்டு மனை பற்றிப் பேசும் வீடியோவில் விளம்பரம் செய்யப் போட்டி அதிகம் என்பதால் விலை ஏறும். நகைச்சுவைக்கும் பாட்டுக்கும் அந்த விலை கிடைப்பதில்லை. பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதும் முக்கியம். டொரன்டோவிலோ லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒரு தமிழர் பார்த்தால் வரும் காசு, தேனாம்பேட்டையில் இருப்பவர் பார்த்தால் வரும் காசைவிடப் பல மடங்கு.

இதை மனத்தில் வைத்துப் புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தின் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' பற்றி யோசிக்கலாம். 2018இல் தாத்தா பெரியதம்பியும் பேரன்களும் வயல்வெளியில் பெரிய அண்டா வைத்துச் சமைக்கத் தொடங்கினார்கள். போடும் பொருளின் பெயரை உரக்கச் சொல்வதைத் தவிரப் பேச்சு குறைவு. மொழி தெரியாதவரும் கண்ணால் பார்த்தே ரசிக்கலாம். சேனல் பெயரும் ஆங்கிலத்தில். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு காளான் பிரியாணி சாப்பிட்டார். அந்த ஆண்டு ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் சேனல் என்ற பெயர் கிடைத்தது. கொரோனா நிவாரணத்துக்காக முதலமைச்சரிடம் 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். சமைத்த உணவு முதியோருக்கும் ஆதரவற்றோருக்கும் போகிறது. விளம்பரப் பணம் என்றாலே கேடு என்று சொல்வோர் இந்தக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். எந்தப் பத்திரிகையும் எந்த டி.வி.யும் வாய்ப்புத் தந்திருக்காத ஒரு கிராமத்துக்கு அந்தப் பணம் வாழ்க்கை கொடுத்திருக்கிறது.

ஆனால் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? 2025 மே மாதம் மும்பையில் நடந்த வேவ்ஸ் மாநாட்டில் நீல் மோகன் சில எண்களைச் சொன்னார். மூன்று ஆண்டுகளில் இந்தியப் படைப்பாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் ஊடக நிறுவனங்களுக்கும் யூடியூப் கொடுத்தது 21,000 கோடி ரூபாய்க்கு மேல். ஓராண்டில் வீடியோ ஏற்றிய இந்திய சேனல்கள் 10 கோடிக்கும் மேல். அவற்றில் 10 லட்சம் சந்தாதாரர்களைத் தாண்டியவை சுமார் 15,000. அதாவது ஏறத்தாழ 7,000 சேனலுக்கு ஒன்று. மிச்சமிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? கொஞ்சம் உரக்கப் பேசிப் பார்ப்பார்கள். இன்னும் கொஞ்சம் எல்லை தாண்டிப் பார்ப்பார்கள். எல்லை தாண்டியபோது எண்ணிக்கை ஏறினால் மறுநாளும் அதையே செய்வார்கள்.

அது எங்கே போய் முடியும் என்பதைப் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை 2021 ஜனவரியில் காட்டியது. கடற்கரைக்கு வருபவர்களிடம் மைக் நீட்டிக் கேள்வி கேட்கும் ஒரு யூடியூப் சேனல், ஆண் பெண் உறவு பற்றி ஒரு பெண் வெளிப்படையாகப் பேசும் வீடியோவைப் போட்டது. அது காட்டுத்தீயாகப் பரவியது. பெண்களிடம் ஆபாசமாகக் கேள்வி கேட்டுப் படம் பிடிக்கிறார்கள் என்று வந்த புகாரின் பேரில் சாஸ்திரி நகர் போலீசார் சேனல் உரிமையாளர், தொகுப்பாளர், கேமராமேன் ஆகிய மூவரைக் கைது செய்தனர். பேசிய பெண் பின்னர் சொன்னதுதான் இந்த விவகாரத்தின் மையம். தான் பேசியது எழுதிக்கொடுத்த வசனம் என்றார். அதற்கு 1,500 ரூபாய் தந்ததாகவும், கமெண்ட் பகுதியை மூடிவைப்பதாக வாக்களித்துவிட்டுத் திறந்துவிட்டதாகவும் சொன்னார். வசைகள் அவர்மீது வந்து விழுந்தன. பொதுமக்கள் கருத்து என்று லட்சக்கணக்கானோர் பார்த்தது 1,500 ரூபாய்க்கு ஏற்பாடு செய்த நடிப்பு. அந்தப் பெண்ணின் மானத்துக்கு யாரும் விலை பேசவில்லை.

பெரிய சேனல்கள் இந்த ஆசையிலிருந்து தப்பிவிட்டன என்று சொல்வதற்கில்லை. சாப்பாட்டு வீடியோக்களால் புகழ்பெற்ற யூடியூபர் இர்ஃபான், 2024 மே மாதம் தன் மனைவி வயிற்றில் இருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று துபாயில் பரிசோதித்துத் தெரிந்துகொண்டு, அதை விழாவாக வீடியோவில் அறிவித்தார். பெண் சிசுக்கொலைக்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடிய மாநிலம் இது. கருவின் பாலினத்தை வெளியிடுவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. அவர் வீடியோவை நீக்கி மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு வீடியோ வந்தது. பிரசவ அறைக்குள் அவரே தொப்புள் கொடியை வெட்டும் காட்சி. இம்முறை அனுமதித்த தனியார் மருத்துவமனைக்கு 50,000 ரூபாய் அபராதமும் 10 நாள் தடையும் விதித்தது அரசு. ஒரு தகப்பனின் மகிழ்ச்சியில் யாருக்கும் கோபம் இல்லை. ஆனால் வாழ்க்கையின் ஒவ்வொரு நிகழ்வும் 'கன்டென்ட்' ஆகிவிட்ட பிறகு, எந்தக் கதவுக்கு வெளியே கேமராவை நிறுத்த வேண்டும் என்று சொல்ல வீட்டுக்குள் ஆள் இல்லாமல் போகிறது.

பைக் சாகச வீடியோக்கள் போடும் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் விஷயத்தில் விலை இன்னும் பெரியது. 2023 செப்டம்பர் 17 அன்று சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் அருகே பாலுசெட்டி சத்திரத்தில், முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்றபோது பைக் கவிழ்ந்து தூக்கி எறியப்பட்டார். கைது, சிறை. ஜாமீன் கேட்டபோது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.வி.கார்த்திகேயன், அந்த பைக்கை எரித்துவிட்டு யூடியூப் சேனலை மூடிவிட வேண்டும் என்று கடுமையாகச் சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார். ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு, அதாவது 2033 அக்டோபர் வரை ரத்தானது. நீதிமன்றத்தின் கவலை ஓட்டியவரைப் பற்றி மட்டும் இல்லை. அவரைப் பின்தொடரும் லட்சக்கணக்கான சிறுவர்களைப் பற்றியது. அந்தச் சிறுவர்களிடம் வாசனின் வீடியோக்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த பரிந்துரை இயந்திரத்தைப் பற்றி அந்த வழக்கில் யாரும் கேட்கவில்லை. பைக் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வீடியோவும் 200 கிலோமீட்டரில் போகும் வீடியோவும் ஒரே நாளில் வந்தால் எது முன்னே தள்ளப்படும் என்பதைப் பதின்ம வயதுப் பையன்கூடச் சொல்வான்.

துக்கத்துக்கும் இதே கணக்குதான். எஸ்.பி.பாலசுப்ரமணியம் 2020 ஆகஸ்ட் தொடங்கி மருத்துவமனையில் உயிருக்குப் போராடிய ஏழு வாரங்களும் தமிழர்களுக்கு மறக்காது. ஒவ்வொரு நாளும் யாராவது ஒரு சேனல் 'சற்று முன்' என்று ஒரு படத்தைப் போட்டது. அவருக்குக் கொரோனா நீங்கிவிட்டது என்ற செய்தி ஆகஸ்ட் 24 அன்று பரவ, மகன் எஸ்.பி.சரண் வீடியோவில் வந்து அது உண்மை இல்லை, மருத்துவர்களிடம் பேசிவிட்டு நானே சொல்கிறேன், வதந்தி பரப்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. தந்தை படுக்கையில் கிடக்கும்போது மகனுக்கு இந்த வேலை. உண்மையான நிலவரம் ஒரு வரியில் முடிந்துவிடும்: 'மாற்றம் இல்லை.' அந்த வரியை எட்டு நிமிடத்துக்கு இழுக்க முடியாது.

இன்ஸ்டாகிராமில் நிலைமை வேறு. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடையான பத்தே நாளில் இந்தியாவுக்கு ரீல்ஸ் வந்தது. இங்கே சம்பாதிப்பவர்களில் பெரும்பாலோர் கடைகளிடமிருந்தும் நிறுவனங்களிடமிருந்தும் நேரடியாகப் பணம் வாங்குகிறார்கள். தி.நகர் ஜவுளிக் கடையின் புதுச் சேலை, மயிலாப்பூர் சந்துக்குள் திறந்திருக்கும் மெஸ், அடையாறில் வந்திருக்கும் அழகு நிலையம் என வரிசையாக வரும் ரீல்களில் எது ரசித்துப் போட்டது, எது காசு வாங்கிப் போட்டது, எது இலவசச் சாப்பாட்டுக்குப் போட்டது என்று பிரித்தறிய வழியே இல்லை. எதிர்மறையாக ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த கடை கூப்பிடாது. ஆகவே 'வேற லெவல்' என்பதைத் தவிர வேறு தீர்ப்பு வருவதில்லை.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ஆஸ்கி எனப்படும் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021இலேயே, காசு வாங்கிப் போடும் பதிவில் அது விளம்பரம் என்று பளிச்சென்று குறிப்பிட வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் அதையே வலியுறுத்தியது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், ஓட்டல் தங்கல், தள்ளுபடி வாங்கினாலும் சொல்லியாக வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்தில் தோன்றுபவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். பணம் பற்றிப் பேசுபவர்கள்மீது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி இன்னும் கண்டிப்பு காட்டியது. சென்னையைச் சேர்ந்த பங்குச் சந்தை யூடியூபர் பி.ஆர்.சுந்தர், பதிவு பெறாமல் முதலீட்டு ஆலோசனை வழங்கியதாக வந்த விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2023 மே மாதம் செபியோடு சமரசம் செய்துகொண்டார். ஆறு கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிக் கட்டவும் ஓராண்டு சந்தையிலிருந்து விலகியிருக்கவும் சம்மதித்தார். ஆனால் பத்தாயிரம் ரூபாய்க்கு மெஸ் பற்றி ரீல் போடும் இளைஞர் வரை எந்த அதிகாரியும் வருவதில்லை.

எக்ஸ் தளம், முன்பு ட்விட்டர், 2023 ஜூலையில் பணம் கொடுக்க ஆரம்பித்தபோது ஒரு விசித்திரமான விதியை வைத்தது. மாதக் கட்டணம் கட்டி நீல டிக் வாங்கியவர்களின் பதிவுக்குக் கீழே, பதில்களின் நடுவே ஓடும் விளம்பரத்தில் பங்கு. அதாவது பதிவு எவ்வளவு நல்லது என்பது பொருட்டில்லை, எத்தனை பேர் பதில் சொல்ல வருகிறார்கள் என்பதுதான். ஒரு படத்தின் வசூலைச் சரியாகப் போட்டால் பத்துப் பேர் பார்த்துவிட்டுப் போவார்கள். தப்பாகப் போட்டால் திருத்துவதற்கு ரசிகர் படையே திரண்டு வரும். ரஜினியா கமலா, விஜய்யா அஜித்தா, தோனியா கோலியா என்று எந்த முடிவும் வராத கேள்வியைப் போட்டால் விடிய விடியச் சண்டை. அந்த ஆண்டு அக்டோபரில் எலான் மஸ்க், மற்ற பயனர்கள் சேர்ந்து தவறென்று குறிப்பு எழுதிய பதிவுகளுக்குப் பணம் இல்லை என்று அறிவித்தார். 2024 இறுதியில் விளம்பரக் கணக்கையே கைவிட்டு, கட்டணம் கட்டியவர்கள் காட்டும் ஈடுபாட்டை வைத்துப் பணம் என்று மாற்றினார்கள். ஒவ்வொரு திருத்தமும் விதிக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பை நிறுவனமே ஒப்புக்கொள்வதுபோலத்தான் இருக்கிறது.

பார்வையாளருக்கும் பணம் கொடுத்துப் பார்த்தால் தேர்வு நன்றாக இருக்குமா? அந்தச் சோதனையும் நடந்தது. 2016இல் நெட் ஸ்காட், டான் லாரிமர் இருவரும் தொடங்கிய ஸ்டீமிட் தளத்தில், எழுதுபவருக்கு மட்டுமல்ல, நல்ல பதிவைக் கண்டுபிடித்து வாக்களிப்பவருக்கும் கிரிப்டோ நாணயத்தில் பங்கு உண்டு. எழுத்தாளருக்கு 75 சதவீதம், வாக்களித்தவர்களுக்கு 25 சதவீதம். பிற்பாடு பிரபலமாகப் போகும் பதிவுக்கு முன்கூட்டியே வாக்களித்தவருக்கு அதிகப் பணம். படிக்க அலுத்துக்கொள்ளாத வாசகர்கள் தங்கத்தைத் தோண்டி எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. எந்த எழுத்தாளர் எப்போதும் அதிகம் சம்பாதிக்கிறாரோ அவர் பதிவு போட்ட சில நிமிடங்களில் தானாக வாக்களிக்கும் கணினி நிரல்களை எழுதி விட்டார்கள். அவசர வாக்கைத் தடுக்க முதல் 30 நிமிடத்துக்குள் போடும் வாக்குக்குப் பங்கு குறையும் என்று விதி போட்டால், நிரல்கள் அந்த 30 நிமிடத்தைக் கணக்குப் பார்த்து வாக்களித்தன. பணம் வாங்கிக்கொண்டு வாக்கு விற்கும் நிரல்களும் வந்தன. 2019 ஆகஸ்டில் பங்கை 50-50 ஆக மாற்றினார்கள். அடுத்த ஆண்டு நிறுவனம் கைமாற, பயனர்கள் பிரிந்து போய் ஹைவ் என்று தனித் தளம் தொடங்கினார்கள். பெரும்பணம் புரண்ட அந்த ஆண்டுகளில், வாக்களித்த பதிவைப் படிக்க வேண்டிய அவசியமே பலருக்கு இருக்கவில்லை.

இதிலிருந்து மனிதர்கள் இயல்பிலேயே பேராசைக்காரர்கள் என்று முடிவுகட்டுவது அவசரம். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்றை கிசெம் ஜெய்லான், இயன் ஆண்டர்சன், வெண்டி வுட் ஆகியோர் 2023 ஜனவரியில் வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி பரவுவதற்கு முக்கியக் காரணம் அரசியல் வெறியோ அறியாமையோ அல்ல, பகிரும் பழக்கம்தான் என்பது அவர்கள் கண்டது. லைக்கும் கமெண்டும் கிடைத்துக் கிடைத்து விரல் தானாகப் பகிரப் பழகிவிடுகிறது. மிக அதிகமாகப் பகிரும் 15 சதவீதத்தினரே பொய்ச் செய்திகளில் 30 முதல் 40 சதவீதத்தைப் பரப்பினார்கள். பிறகு அவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சரியான செய்தியைப் பகிர்ந்தவர்களுக்குப் புள்ளிகள் கொடுத்தார்கள். உண்மையான பகிர்வு கூடியது, புள்ளி கொடுப்பதை நிறுத்திய பிறகும் அந்தப் பழக்கம் நின்றது. வெகுமதி எதற்கு என்பதை மாற்றினால் அதே ஆட்கள் வேறு விதமாக நடந்துகொள்கிறார்கள்.

தமிழ்த் திரையுலகம் இந்தப் பிரச்சினைக்குத் தேடிய தீர்வு தடை. 2024 நவம்பர் 14 அன்று வெளியான 'கங்குவா'வுக்கு முதல் நாளிலேயே விழுந்த கடும் விமர்சனங்களை அடுத்து, தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை அனுமதிக்க வேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டது. 'இந்தியன் 2', 'வேட்டையன்' படங்களும் இப்படித்தான் அடிபட்டன என்றது. டிசம்பரில் நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம், படம் வெளியாகி மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனத்தைத் தடை செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போனது. நீதிபதி எஸ்.சௌந்தர், விமர்சனம் கருத்துரிமை சார்ந்தது, பொத்தாம்பொதுவாகத் தடை விதிக்க முடியாது என்ற நிலையை எடுத்தார். கேரளத்தில் 2023 அக்டோபரிலேயே கொச்சி போலீசார், ஒரு படத்தை வேண்டுமென்றே தாக்கியதாக விமர்சகர்கள்மீதும் யூடியூப், பேஸ்புக் மீதும் வழக்கே பதிந்தார்கள்.

தயாரிப்பாளர்களின் வலி உண்மையானது. மூன்று ஆண்டு உழைப்பு ஒரு காலைப் பொழுதில் நாசமாவதை யாரும் தாங்க முடியாது. ஆனாலும் அவர்கள் தட்டுவது தவறான கதவு. பாராட்டைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கத்தைத் திரையுலகம்தான் வளர்த்தது. வெளியீட்டுக்கு முன்பு பேட்டிக்கும் புகழுரைக்கும் சேனல்களுக்குப் பணம் போகிறது என்பது கோடம்பாக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். புகழ்வதற்கு விலை உண்டு என்று கற்றுக்கொண்ட சேனல், திட்டுவதற்கும் விலை உண்டு என்பதைத் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். மைக்கை வாசலிலிருந்து விரட்டினால் அது எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையில் போய் நிற்கும். கத்துபவரையும் நிதானமாகப் பேசுபவரையும் ஒரே விலைக்கு வாங்கும் விதி வராதவரை, நிதானம் வெட்டப்பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

தளங்களால் விதியை மாற்ற முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. பேஸ்புக் 2017இல் கோப முகக் குறியீட்டுக்கு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தது. அது வெறுப்பையும் பொய்யையும் முன்னே தள்ளுகிறது என்று அதன் ஊழியர்களே எச்சரித்தார்கள். 2020இல் அந்த மதிப்பைப் பூஜ்யமாக்கியது. யூடியூப் 2025 ஜூலை 15 முதல், மொத்த உற்பத்தியாக ஒரே அச்சில் வார்த்துத் தள்ளும் வீடியோக்களுக்கு வருமானம் இல்லை என்ற தன் விதியைத் தெளிவாக்கியது. செயற்கை நுண்ணறிவின் குரலில், எங்கிருந்தோ எடுத்த படங்களைக் கோத்து, நடிகர்களின் அந்தரங்கம் பேசும் தமிழ் சேனல்கள் பெருகிவரும் வேளையில் இந்த விதி இங்கே எவ்வளவு கண்டிப்பாக அமலாகிறது என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல் பெரிய தளங்கள், ஒரு பதிவை எந்த அளவுகோல்களின்படி பரிந்துரைக்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் பழக்கவழக்கத்தை வேவு பார்க்காமல் பதிவுகளை வரிசைப்படுத்தும் ஒரு வழியையும் பயனருக்குத் தந்தாக வேண்டும். அதே நிறுவனங்கள், அதே செயலிகள்தான் கோபாலபுரத்திலும் ஓடுகின்றன. இந்தியாவின் 2021 ஐ.டி. விதிகள் எந்தப் பதிவை நீக்க வேண்டும், எத்தனை மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று விரிவாகப் பேசுகின்றன. பரிந்துரைக்கும் கணக்கைத் திறந்து காட்டும் கடமையை அவை இப்படி விதிக்கவில்லை.

வீடியோ போடுபவரின் திரையில் ஒவ்வொரு வீடியோவுக்கும் எவ்வளவு வருமானம், எந்த நாட்டிலிருந்து, எந்த நொடியில் பார்வையாளர் விலகிப் போனார் என்பது வரை புள்ளிவிவரமாக வந்து நிற்கிறது. பார்ப்பவருக்கு அதில் ஒரு வரிகூடத் தெரிவதில்லை. இந்த வீடியோவில் விளம்பரப் பங்கு போகிறதா, இதைப் போடக் கடையோ தயாரிப்பாளரோ பணம் கொடுத்தாரா, இது ஏன் என் திரைக்கு வந்தது என்ற மூன்று தகவலை ஒவ்வொரு வீடியோவின் கீழும் தமிழில் காட்டத் தளங்களுக்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. தயாரிப்பாளர் சங்கங்களும் பத்திரிகைகளும் நுகர்வோர் அமைப்புகளும் சேர்ந்து நீதிமன்றத்தில் கேட்க வேண்டியது இதைத்தான். அதுவரை, காசு வாங்கியதை மறைத்துப் போட்ட ரீலை நம்பிப் பணத்தை இழந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.